நம்பர மட்டும் மாத்துல

காலை எட்டரை மணி வாக்கில் பனவடலிசத்திரம் பேருந்து நிறுத்தத்தில் நின்றால் ஒரு காட்சியைத் தினமும் பார்க்கலாம். திருநெல்வேலிக்கும் சங்கரன்கோவிலுக்கும் போகிற பேருந்துகள் மாறி மாறி வந்து நிற்கும். கடை வாசல் படியில் நாலைந்து பிள்ளைகள் உட்கார்ந்து, தொடைமேல் நோட்டை விரித்து எழுதிக்கொண்டிருப்பார்கள். நடுவில் ஒரு நோட்டு இருக்கும், அதைச் சுற்றி மற்ற நோட்டுகள். பேருந்து தலையைக் காட்டுவதற்குள் பத்துக் கணக்கும் முடிந்தாக வேண்டும். கை வேகமாக ஓடும், கண் இடது பக்கமே இருக்கும்.

ஒருநாள் அந்தக் கூட்டத்தில் ஒரு பையன் திணறிக்கொண்டிருந்தான். அவன் கையில் இருந்த தாளும், பார்த்து எழுத வேண்டிய தாளும் வேறு வேறாக இருந்தன. பக்கத்தில் இருந்தவன் ஒரே வரியில் வழி சொன்னான்: "ஏல, நம்பர மட்டும் மாத்துல. மத்ததெல்லாம் அப்படியே எழுது."

அந்தத் தாள் நான் தயாரித்தது. இனி யாரும் யாரையும் பார்த்து எழுத முடியாது என்று நம்பி, ஒரே கணக்குகளை எண்களை மட்டும் மாற்றி மூன்று விதமாக எழுதி, நகல் எடுத்து, அ, ஆ, இ என்று குறி போட்டுக் கொடுத்திருந்தேன். அதற்காக இரண்டு இரவு கண் விழித்திருந்தேன். என் பூட்டு ஒரே வாக்கியத்தில் திறந்துகொண்டது.

கணக்கு ஆசிரியர்கள் கூடும் இடமெல்லாம் இந்த யோசனை உண்டு. குறுவள மையக் கூட்டத்தில் வீட்டுப்பாடம் பற்றிப் பேச்சு வந்தால் யாராவது ஒருவர் எழுந்து சொல்வார்: "ஆளுக்கொரு நம்பர் குடுத்துட்டா எப்படி சார் பாத்து எழுதுவான்?" எல்லோரும் தலையாட்டுவார்கள். பெற்றோர் கூட்டத்திலும் இதே பேச்சு. கணினியில் ஒரு பொத்தானை அழுத்தினால் வகுப்பில் இருக்கிற அத்தனை பேருக்கும் தனித்தனி எண்ணோடு தாள் வந்துவிடும், இனிக் கவலை இல்லை என்று விற்கிறவர்களும் இருக்கிறார்கள். கேட்கிறபோது நியாயமாகத்தான் படுகிறது. நானும் பல ஆண்டுகள் இதைச் சொன்னவன், செய்தவன். இப்போது இது தப்பு என்று சொல்ல வந்திருக்கிறேன். இதனால் காப்பி நிற்காது. அதோடு, கணக்குப் பாடத்துக்கும் பிள்ளைகளுக்கும் ஆசிரியருக்கும் கெடுதல் செய்கிறது.

அந்த ஆண்டு நடந்த இன்னொன்றையும் சொல்ல வேண்டும். ஏழாம் வகுப்பு, தனிவட்டிப் பாடம். அ தாளில் 5000 ரூபாய், 2 ஆண்டு, 8 சதவீதம். ஆ தாளில் 6000, 3 ஆண்டு, 7 சதவீதம். இ தாளில் 4500, 4 ஆண்டு, 6 சதவீதம். காலையில் வராந்தாவில் ஒரு பெண் பிள்ளையைச் சுற்றிக் கூட்டம். எட்டிப் பார்த்தேன். ரஃப் நோட்டின் கடைசிப் பக்கத்தில் அவள் கணக்கை எழுதியிருந்தாள், எண்களே இல்லாமல். ஒரு கட்டம், பெருக்கல் குறி, ஒரு கட்டம், பெருக்கல் குறி, இன்னொரு கட்டம், கீழே 100. முதல் கட்டத்துக்கு மேல் 'ரூபாய்', அடுத்ததற்கு மேல் 'வருசம்', அதற்கடுத்து 'வட்டி' என்று சின்ன எழுத்தில் குறித்திருந்தாள். மற்றவர்கள் வரிசையாக வந்து தங்கள் தாளின் எண்ணைக் கட்டத்தில் போட்டு விடையை எடுத்துக்கொண்டு போனார்கள். 800, 1260, 1080. மூன்றும் சரி.

நான் அவளைத் திட்டினேன். நோட்டைப் பிடுங்கி வைத்துக்கொண்டேன். அன்று மாலை அந்தப் பக்கத்தைத் திரும்பப் பார்த்தபோதுதான் உறைத்தது. எண் மாறினாலும் மாறாதது எது என்று அந்தப் பிள்ளை தானாகவே கண்டுபிடித்து, அதற்கு ஒரு வடிவமும் கொடுத்திருக்கிறாள். இயற்கணிதம் என்று நாம் சொல்வது அதைத்தான். அந்தப் பாடத்தின் கடைசியில் நான் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டிய இடத்துக்கு அவள் முன்கூட்டியே போய் நின்றிருந்தாள். அதற்குத்தான் என்னிடம் திட்டு வாங்கினாள்.

மற்ற பிள்ளைகள் என்ன கற்றார்கள்? கட்டத்தில் எண்ணை நிரப்பக் கற்றார்கள். முன்பு விடையைப் பார்த்து எழுதினார்கள், இப்போது அச்சைப் பார்த்து எழுதுகிறார்கள். அவ்வளவுதான் வித்தியாசம். முன்பாவது பார்த்து எழுதுகிறோம் என்ற கூச்சம் இருந்தது. இப்போது, "நானே போட்டேன் சார், நம்பர் வேற இருக்கு பாருங்க" என்று சொல்ல ஒரு சாட்சியை நானே கொடுத்துவிட்டேன்.

இனிக் கணக்குக்குள் போவோம், ஏனென்றால் பெரிய கெடுதல் அங்கேதான் இருக்கிறது. எண்களைச் சட்டை மாற்றுவது போல மாற்றலாம் என்று நினைக்கிறோம். ஒரு கணக்கில் வருகிற எண்ணுக்கு அந்தக் கணக்கில் ஒரு வேலை இருக்கிறது. ஆறாம் வகுப்பில் மீச்சிறு பொது மடங்கு காண்கிற கணக்கை எடுத்துக்கொள்ளுங்கள். 6, 9 என்று கொடுத்தால் விடை 18. புரியாத பிள்ளை இரண்டையும் பெருக்கி 54 என்று எழுதும். உடனே நமக்குத் தெரிந்துவிடும், இதற்குப் பொதுக் காரணி பிடிபடவில்லை என்று. அதே கணக்கை அடுத்த தாளில் 4, 7 என்று மாற்றுகிறேன். புரிந்த பிள்ளையும் 28 என்று எழுதும், புரியாமல் பெருக்கின பிள்ளையும் 28 என்றே எழுதும். இரண்டுக்கும் ரைட். எண்ணை மாற்றியதால் ஒரு பிள்ளையின் தவறு என் கண்ணிலிருந்து தப்பிப் போனது. அந்தப் பிள்ளை தனக்குக் கணக்கு வந்துவிட்டது என்று நம்பிக்கொண்டு பின்னப் பாடத்துக்குப் போகும். அங்கே வெவ்வேறு பகுதிகளைக் கொண்ட பின்னங்களைக் கூட்டும்போது விழும், ஏன் விழுந்தோம் என்று அதற்குத் தெரியாது.

கழித்தலும் அப்படித்தான். 503-இலிருந்து 267 கழிப்பது ஒரு கணக்கு, 568-இலிருந்து 243 கழிப்பது வேறு கணக்கு. முதலாவதில் நடுவில் சுழியம் உட்கார்ந்திருக்கிறது, கடன் வாங்க நூறுக்குப் போய் வர வேண்டும். இரண்டாவதில் கடனே இல்லை. இரண்டையும் 'ஒரே கணக்கு, எண் மட்டும் வேறு' என்று பக்கத்துப் பக்கத்துப் பிள்ளைகளுக்குக் கொடுத்து ஒரே மதிப்பெண் போட்டால் அது அநியாயம். அந்த அநியாயம் பிள்ளைகளுக்கு நம்மைவிடச் சீக்கிரம் தெரியும். "உனக்கு லேசு தாள், எனக்குக் கஷ்டம்" என்று அவர்கள் சொல்லும்போது அடக்கிவிடுகிறோம்.

கணினி மாற்றிக் கொடுக்கிற எண்ணைப் பற்றிச் சொல்ல வேண்டுமானால் களையெடுப்புக் கணக்கு போதும். 4 ஆள் 6 நாளில் களையெடுத்தால் 3 நாளில் முடிக்க எத்தனை ஆள் வேண்டும்? 8 ஆள். எண்ணை மாற்றுங்கள்: 5 ஆள், 7 நாள், 4 நாளில் முடிக்க வேண்டும். விடை எட்டே முக்கால் ஆள். எங்கள் பக்கம் கரிசலில் உளுந்தும் பாசியும் மக்காச்சோளமும் போடுகிற வீட்டுப் பிள்ளைகள் இவர்கள். முக்கால் ஆளைக் களைக்குக் கூப்பிட முடியாது என்று இவர்களுக்குத் தெரியும். ஒரு பையன் 9 என்று எழுதியிருந்தான். விடைக்குறிப்பில் 8.75. அவனுக்குத் தப்புப் போடப்பட்டது. காட்டில் நின்று பார்த்தால் அவன் எழுதியதுதான் சரி. இப்படி நாலு முறை தப்பு வாங்கினால், பள்ளிக் கணக்கு வேறு, வாழ்க்கைக் கணக்கு வேறு என்று பிள்ளை முடிவு கட்டிவிடும். யோசித்து எழுத இடமில்லாத பாடத்தைப் பார்த்து எழுதுவதில் அதற்கு எந்த உறுத்தலும் இருக்காது.

அடுத்தது திருத்துகிற வேலை. இதைப் பற்றி யாரும் வாய் திறப்பதில்லை. ஒரு வகுப்பில் 36 பிள்ளைகள், ஆளுக்குப் பத்துக் கணக்கு, ஆளுக்கொரு எண் என்றால் 360 விடைகள். ஒரு நோட்டுக்கு இரண்டு நிமிடம் என்று வைத்தாலும் 72 நிமிடம். ஒரு பாடவேளையைவிட அதிகம், அதுவும் ஒரு வகுப்புக்கு மட்டும். என்ன நடக்கும்? ஆசிரியர் விடைக்குறிப்பைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு கடைசி வரியை மட்டும் பார்த்து ரைட் போடுவார். நானும் அப்படித்தான் போட்டேன். நடு வரிகளைப் படிக்க நேரம் ஏது? கடைசி வரிக்கு மட்டும் மதிப்பு இருக்கிற வரைக்கும் பிள்ளைகள் கடைசி வரியைத்தான் தேடிப் போவார்கள். காப்பியை ஒழிக்கக் கொண்டுவந்த ஏற்பாடு காப்பிக்கு உரம் போடுகிறது.

எல்லோருக்கும் ஒரே எண் இருந்தபோது எனக்கு ஒரு வசதி இருந்தது. அதன் அருமை போன பிறகுதான் தெரிந்தது. எட்டு நோட்டில் 54 என்று வந்தால், எட்டுப் பேரும் பெருக்கியிருக்கிறார்கள் என்று புரியும். எட்டுப் பேரும் ஒருத்தனைப் பார்த்து எழுதியிருந்தாலும் பரவாயில்லை, அந்த ஒருத்தனின் தவறு என் கையில் இருக்கிறது. மறுநாள் பாடத்தை அங்கிருந்து தொடங்குவேன். எண்களை மாற்றிய பிறகு அதே தவறு ஒரு நோட்டில் 54, இன்னொன்றில் 96, மற்றொன்றில் 150 என்று வேறு வேறு முகத்தோடு வருகிறது. 6, 9 கிடைத்தவனும் 8, 12 கிடைத்தவனும் 10, 15 கிடைத்தவனும் செய்தது ஒரே தவறு. கடைசி வரியை மட்டும் பார்க்கிற எனக்கு அது மூன்று தனித்தனித் தப்பாகத் தெரிகிறது. வகுப்பு முழுக்க ஒரு பிழை பரவியிருப்பதைப் பார்க்கிற கண்ணை நானே கட்டிக்கொண்டேன்.

வெளிநாட்டில் செய்கிறார்களே என்று கேட்பவர்கள் உண்டு. செய்கிறார்கள்தான். அமெரிக்காவில் மிச்சிகன் மாநிலப் பல்கலைக்கழகத்திலும் ரோசெஸ்டர் பல்கலைக்கழகத்திலும் 1990களிலேயே கணினி வழியாக ஒவ்வொரு மாணவருக்கும் தனித்தனி எண்ணோடு வீட்டுப்பாடம் கொடுக்கத் தொடங்கிவிட்டார்கள். ரோசெஸ்டரில் உருவான 'வெப்வொர்க்' இன்றும் பல கல்லூரிகளில் ஓடுகிறது. ஆனால் அங்கே மாணவர் விடையைத் தட்டிய அந்த நொடியிலேயே சரியா தப்பா என்று தெரிந்துவிடும். தப்பென்றால் திரும்பப் போடலாம், மறுபடியும் போடலாம். நண்பரிடம் வழி கேட்பதையும் அங்கே யாரும் குற்றமாக நினைப்பதில்லை. நம் ஊர்த் தாளில் பிள்ளை திங்கள்கிழமை எழுதியது சரியா தப்பா என்று வியாழக்கிழமைதான் தெரியும். சில சமயம் தெரியாமலே போகும். அவர்கள் ஏற்பாட்டில் உயிராக இருப்பதை விட்டுவிட்டு, எண் மாற்றுகிற தோலை மட்டும் நாம் எடுத்துக்கொண்டோம்.

வெளிநாட்டிலிருந்து எடுத்துக்கொள்ள வேண்டியது வேறொன்று இருக்கிறது. எம்.ஐ.டி.யில் இயற்பியல் பேராசிரியர் டேவிட் பிரிச்சார்டும் அவருடைய குழுவினரும் தங்கள் மாணவர்களின் வீட்டுப்பாடக் காப்பியைக் கணினிப் பதிவுகளை வைத்து ஆராய்ந்து 2010இல் வெளியிட்டார்கள். அடிக்கடி காப்பி அடித்தவர்கள் பாடத்தில் தோற்கும் வாய்ப்பு மற்றவர்களைப்போல ஏறக்குறைய மூன்று மடங்கு. நாம் பயப்படுவது சரிதான், காப்பி கெடுதல்தான். ஆனால் யார் காப்பி அடிக்கிறார்கள் என்று பார்த்தபோது, தொடக்கத்தில் கணக்கில் கெட்டிக்காரர்களா மந்தமானவர்களா என்பதற்கும் காப்பிக்கும் பெரிய தொடர்பு இல்லை. கெடு நெருங்க நெருங்கக் காப்பி கூடியது. வீட்டுப்பாடத்தின் கடைசிக் கணக்குகளில் கூடியது. நேரத்தோடு உட்காராமல் கடைசியில் நெருக்கடியில் மாட்டிக்கொண்டவர்களே காப்பிக்குப் போனார்கள். பாடம் நடத்துகிற முறையையும் வகுப்பின் அமைப்பையும் மாற்றியபோது காப்பி சுமார் 11 சதவீதத்திலிருந்து 3 சதவீதத்துக்கும் கீழே இறங்கியது.

எம்.ஐ.டி. மாணவனுக்கே நேர நெருக்கடி என்றால் எங்கள் பிள்ளைகளை யோசித்துப் பாருங்கள். மல்லிகைத் தோட்டம் இருக்கிற வீடுகளில் விடியும் முன்னே எழுந்து பூப் பறிக்கப் போக வேண்டும், வெயில் ஏறுவதற்குள் பூ சங்கரன்கோவில் சந்தைக்குப் போய்ச் சேர வேண்டும். தாய் நூறு நாள் வேலைக்குப் போய்விட்டு வந்து அடுப்பைப் பற்றவைக்கும்போது பொழுது சாய்ந்திருக்கும். தகப்பன் வெளியூரில் வேலையில் இருப்பான். ஏழாம் வகுப்புக் கணக்கைச் சொல்லிக் கொடுக்க அந்த வீட்டில் ஆள் இல்லை. சந்தேகம் வந்தால் கேட்கக்கூடிய ஒரே ஆள் பக்கத்து வீட்டில் இருக்கிற வகுப்புத் தோழி. அவளுடைய தாளில் வேறு எண்ணை எழுதிக் கொடுத்து, அந்த ஒரு வழியையும் அடைக்க நினைத்தேன். டியூஷனுக்குப் பணம் கட்ட முடிகிற வீட்டுப் பிள்ளைக்கு எந்த எண் கொடுத்தாலும் கவலை இல்லை, டியூஷன் சார் போட்டுக் கொடுத்துவிடுவார். என் பூட்டு ஏழை வீட்டுக் கதவுக்கு மட்டும்தான் போடப்பட்டது.

எவ்வளவு வீட்டுப்பாடம் கொடுக்கிறோம் என்பதும் இதோடு சேர்ந்தது. 2018இல் சென்னை உயர் நீதிமன்றம் ஒன்றாம், இரண்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு வீட்டுப்பாடமே கூடாது என்று சொன்னது. மத்தியக் கல்வி அமைச்சகத்தின் 2020ஆம் ஆண்டுப் புத்தகப்பைக் கொள்கை, ஆறு முதல் எட்டாம் வகுப்பு வரை ஒரு நாளைக்கு அதிகபட்சம் ஒரு மணி நேரம் என்கிறது. அது எல்லாப் பாடங்களுக்கும் சேர்த்து. ஐந்து பாடம் என்றால் கணக்குக்கு விழுவது 12 நிமிடம். 12 நிமிடத்தில் பத்துத் தனிவட்டிக் கணக்கை ஒரு பிள்ளை யோசித்துப் போட முடியுமா? என்னால் முடியாது. முடியாததைக் கேட்டுவிட்டு, முடித்துக் கொண்டுவந்தால் எப்படி முடித்தாய் என்று விசாரிக்கிறோம்.

அதோடு நாம் வைத்திருக்கிற விலையையும் பாருங்கள். வெறும் நோட்டோடு வருகிற பிள்ளை வெளியே நிற்க வேண்டும், அல்லது பத்து முறை இம்போசிஷன். பார்த்து எழுதிய நோட்டோடு வருகிற பிள்ளைக்கு ரைட், சில நாள் 'நன்று'. மூன்று கணக்கு முயன்று நாலாவதில் மாட்டிக்கொண்டு நிறுத்திய பிள்ளைக்கு, "மிச்சம் எங்கே?" என்ற கேள்வி. இந்தச் சந்தையில் எந்தச் சரக்கு விலை போகும் என்று பிள்ளை கணக்குப் பார்த்துத்தான் பேருந்து நிறுத்தத்தில் உட்காருகிறது. அதைப் பொய் சொல்லப் பழக்கியவர்கள் நாம்.

கைப்பேசியைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. 2020இல் பள்ளிகள் மூடிய நாளிலிருந்து வீட்டுக்கு வீடு அது வந்துவிட்டது. கணக்கைப் படம் எடுத்தால் வரிவரியாக விடை தருகிற செயலிகள் அதற்குப் பல ஆண்டுகளுக்கு முன்பே வந்துவிட்டன. எந்த எண் கொடுத்தாலும் அதற்கு ஒன்றுதான்.

பிள்ளை பிள்ளையிடம் கற்பதைக் குற்றமாகப் பார்க்கிற பழக்கம் நம் மண்ணுக்கு எப்போது வந்தது என்று நான் யோசிப்பதுண்டு. திண்ணைப் பள்ளிக்கூடத்தில் மூத்த மாணவன் சட்டாம்பிள்ளையாக உட்கார்ந்து சின்னப் பிள்ளைகளுக்கு எண்சுவடி சொல்லிக் கொடுத்தான். அவன் கையில் பிரம்பும் இருந்தது, அதை நான் போற்றவில்லை. ஆனால் சொல்லிக் கொடுக்கிற வேலை பிள்ளை கையில் இருந்தது. சென்னை எழும்பூரில் ஆதரவற்ற ஆண் பிள்ளைகளுக்கான பள்ளியை நடத்திய ஆண்ட்ரூ பெல் என்ற ஸ்காட்லாந்துப் பாதிரியார், இங்கே பிள்ளைகள் மணலில் எழுதிப் பழகுவதைப் பார்த்தார். அதைத் தன் பள்ளியில் கொண்டுவந்தார், பிள்ளைகளையே பிள்ளைகளுக்கு ஆசிரியராக்கினார், 1797இல் லண்டனில் புத்தகமாக எழுதினார். 'மெட்ராஸ் முறை' என்ற பெயரில் அது பல நாடுகளுக்குப் போனது. ஸ்காட்லாந்தின் செயின்ட் ஆண்ட்ரூஸ் ஊரில் அவர் விட்டுச்சென்ற பணத்தில் 1833இல் தொடங்கிய பள்ளிக்கு இன்றும் மெட்ராஸ் கல்லூரி என்றுதான் பெயர். நம் பிள்ளைகளைப் பார்த்து உலகம் கற்றுக்கொண்டதை நாம் வராந்தாவில் பிடித்து நோட்டைப் பிடுங்குகிறோம்.

ஆளுக்கு ஆள் வேறு வேறு வேலை கொடுப்பதையே நான் எதிர்ப்பதாக யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். தமிழ்நாட்டில் 2007-08இல் எல்லா அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கும் வந்த செயல்வழிக் கற்றலில் ஒவ்வொரு பிள்ளை கையிலும் வேறு அட்டை இருந்தது. 2022இல் தொடங்கிய 'எண்ணும் எழுத்தும்' திட்டத்தில் அரும்பு, மொட்டு, மலர் என்று நிலை பிரித்து வேலை கொடுக்கிறார்கள். பிள்ளை எங்கே நிற்கிறது என்று பார்த்து, அடுத்த படிக்கு ஏற்றுவதற்காகச் செய்கிற வித்தியாசம் அது. வருகைப் பதிவேட்டு வரிசைப்படி அ, ஆ, இ என்று நான் கொடுத்தது பக்கத்தில் இருப்பவனை நம்பாததால் செய்த வித்தியாசம். இரண்டையும் ஒன்று என்று சொல்லி இரண்டாவதை நியாயப்படுத்தக் கூடாது.

தேர்விலும் எனக்கு மறுப்பு இல்லை. ஒரு பிள்ளைக்குத் தனியாக எவ்வளவு தெரியும் என்று அளக்க வேண்டிய இடத்தில் எண்ணை மாற்றுங்கள், வினா வரிசையை மாற்றுங்கள். ஆனால் அளந்து பார்ப்பது ஒரு வேலை, கற்றுக்கொள்வது வேறு வேலை. தினமும் மாலையில் வீட்டுக்குள் ஒரு தேர்வுக்கூடத்தைக் கட்டி, கண்காணிப்பாளர் இல்லையே என்று கவலைப்படுவதை விட வேண்டும்.

இப்போது நான் செய்வது இதுதான். எல்லோருக்கும் ஒரே கணக்கு, அதுவும் இரண்டோ மூன்றோதான். அதில் ஒன்று ஏற்கெனவே தப்பாகப் போட்ட கணக்காக இருக்கும்: 6, 9இன் மீச்சிறு பொது மடங்கு 54 என்று ஒருவர் எழுதியிருக்கிறார், எங்கே தவறினார், 4, 7 என்று இருந்திருந்தால் அவர் தப்பித்திருப்பாரா? இதைப் பார்த்து எழுதலாம், ஆனால் பார்த்து எழுத வேண்டியது ஒரு விளக்கம். அதைப் படிக்காமல் எழுத முடியாது.

எண் வித்தியாசமாக வேண்டுமென்றால் அது பிள்ளையின் வீட்டிலிருந்து வரட்டும். ஒருமுறை மின் கணக்கீட்டு அட்டையைப் பார்த்து எழுதி வரச் சொன்னேன். அப்போது இரண்டு மாதத்துக்கு முதல் 100 யூனிட் இலவசம், மிச்சத்துக்குத்தான் கட்டணம். ஒரு வீட்டில் 147 யூனிட், 100 போக 47. இன்னொரு வீட்டில் 88. அந்தப் பையன் எழுந்து கேட்டான்: "சார், எனக்கு மைனஸ் பன்னண்டு வருது. கரண்ட் ஆபீஸ்ல எங்களுக்குப் பன்னண்டு யூனிட் தரணுமா?" குறை எண் பாடத்தை அன்றைக்கு அவன்தான் நடத்தினான். இங்கேயும் ஆளுக்கொரு எண்தான். ஆனால் யாரும் மறைக்கவில்லை. அடுத்தவன் எண்ணை எட்டிப் பார்த்து, ஏன் உனக்குக் கூட, ஏன் எனக்குக் குறைச்சல் என்று வகுப்பே பேசியது. அட்டை இல்லாத வீடும் உண்டு, காட்டக் கூச்சப்படுகிற வீடும் உண்டு. அவர்களுக்குப் பள்ளிக்கூடத்து மீட்டர் இருக்கிறது.

இன்னொரு வழக்கமும் கொண்டுவந்தேன். வீட்டுப்பாடத்தின் அடியில், இதை யாரிடம் கேட்டேன், எந்த வரி வரைக்கும் நானே போட்டேன் என்று எழுத வேண்டும். அப்படி எழுதுகிறவர்களுக்குத் திட்டும் இல்லை, நிற்க வைப்பதும் இல்லை. பாதியில் நிறுத்திய நோட்டுக்கும், நிறுத்திய இடம் தெளிவாக இருந்தால், முழு மதிப்பு. முதல் இரண்டு வாரம் யாரும் நம்பவில்லை, எல்லா நோட்டிலும் "நானே போட்டேன்" என்றுதான் இருந்தது. மூன்றாவது வாரம் ஒரு நோட்டில், கொஞ்சம் நடுங்கின கையெழுத்தில், தனிவட்டிக் கணக்குக்கு அடியில் இப்படி இருந்தது: "மூணாவது வரி வரைக்கும் நான். அதுக்கப்புறம் பக்கத்து வீட்டு அக்கா சொன்னாங்க. ஏன் நூறால வகுக்கணும்னு கேட்டேன். அவங்களுக்கும் தெரியல."

அன்று நடத்த வேண்டிய பாடத்தை ஒதுக்கிவிட்டு, அந்தக் கேள்வியைப் பெயர் சொல்லாமல் கரும்பலகையில் எழுதினேன். ஏன் நூறு? முதலில் யாரும் பேசவில்லை. பிறகு பின் பெஞ்சிலிருந்து ஒருத்தன், "எங்க வீட்டுல மூணு வட்டிக்கு வாங்கிருக்கோம்னு சொல்லுவாங்க சார், அந்த மூணா?" என்றான். அந்த மூணுதான். எங்கள் பக்கத்தில் மூணு வட்டி என்றால் நூறு ரூபாய்க்கு மாதம் மூன்று ரூபாய். நூறு எங்கிருந்து வந்தது என்று அவன் வீட்டுத் திண்ணையிலேயே விடை இருந்தது. 5000 ரூபாய்க்கு மாதம் 150, வருடத்துக்கு 1800. பாடப்புத்தகக் கணக்கு மாதிரி அதே 5000த்துக்கு வருடம் 8 சதவீதம் என்றால் 400. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதியதும் வகுப்பு கொஞ்ச நேரம் அமைதியாக இருந்தது.

முன் வரிசையில் இருந்த பிள்ளை ஒன்று ரஃப் நோட்டில் எதையோ பெருக்கிப் பார்த்துவிட்டுத் தலையைத் தூக்கியது.

"அப்போ அஞ்சு வட்டின்னா வருசத்துக்கு நூத்துக்கு அறுபதா சார்?"